எஸ் போட்ட சிப்பித்துறை

எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் ஜன்னலுக்குப் போவேன், போனால் எதிர் மாடிக் கொடியில் காயும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பேன், பார்க்காமலே தெரியும் கிழக்கேதான் பறக்கும், காலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சேலைத் தலைப்பு கடலைப் பார்த்து இழுத்தது, அப்போது ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டதோடு மறந்துவிட்டேன். கச்சான். கரையிலிருந்து கடலுக்குள் அடிக்கிற காற்று. கரையோரம் தண்ணீர் தகடு மாதிரி கிடக்கும், நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது, நல்ல தூரம் உள்ளே போன பிறகுதான் பிடித்துக்கொள்ளும், அப்புறம் திரும்புகிறவன் அத்தனை காற்றையும் நெஞ்சில் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். அண்ணன் இப்போது கடலில் எந்த இடத்தில் இருப்பான். கேட்கக் கூடாது. திரையில் அந்த வரி நிற்கிறது, அதைப் பார், அதில் விரலை வை, எஸ் ஐ பி பி ஐ, சிப்பி, சிப்பித்துறை, நான் பிறந்த ஊர், அதன் பெயரை இங்கிலீஷில் எப்படி எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியாதா. மாதாகோயில் வளைவில் எஸ் போட்டுத்தான் எழுதியிருக்கிறது, வள்ளங்களின் மூக்கிலெல்லாம் எஸ்தான், என் பள்ளிக்கூடச் சான்றிதழில் மட்டும் சி எச். ஒரே ஊர், இரண்டு எழுத்து. நேற்று மத்தியானம் மீனவர் சம்மேளனத்தின் காற்றுப் பக்கங்களை மாற்றியபோது சி எச் போட்டதை மட்டும் புது சர்வருக்குக் கொண்டுவந்தேன். எஸ் பழைய சர்வரிலேயே தங்கிவிட்டது.

மைனி போனில் கூப்பிட்டபோது நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பெண்டாட்டி பிரகாசி மைனி சாதாரணமாகத்தான் பேச ஆரம்பித்தாள், பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, மீன் எடுக்க வருகிறவன் வரவில்லை, அப்புறம், காத்து என்னட்டி இப்படி அடிக்கி, ஒன் பேஜ்ல இப்பவும் அமைதின்னுதானே போட்டிருக்கு என்றாள். நான் கையிலிருந்த டம்ளரை வைக்காமலே இடது கையால் ஊர்ப் பெயரைத் தட்டினேன், சி எச் போட்டுத் தட்டினேன், அலுவலகப் பழக்கம், பக்கம் வந்தது. கச்சான் பலமாக இருக்கும். தொழிலுக்குப் போக வேண்டாம். மைனி, நீங்க என்ன பாக்கிய, வாசிங்க என்றேன். அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள், காற்று குறைவு, கடல் அமைதி, தொழிலுக்குப் போகலாம். மேலே என்ன பேர் இருக்கு மைனி. நம்ம ஊர் பேர்தான் இருக்கு. எஸ்ஸா சி எச்சா என்று கேட்க வாய் வந்து நின்றுவிட்டது, அவள் எதற்கு என்று கேட்பாள். எஸ் போட்டுத் தட்டினேன். காற்று குறைவு, கடல் அமைதி. அந்த வாசகம் எனக்குத் தெரியும், நேற்று நானே பல தடவை பார்த்த வாசகம், அது வடக்கே தீவுகளுக்கு உள்ளே ஒதுங்கிக் கிடக்கிற அடைக்கலத்துறையின் வாசகம். அங்கே கச்சான் அடித்தாலும் குளத்தில் காற்று மாதிரிதான். அண்ணன் எங்கே மைனி என்றேன். விடியுமுன்னயே போய்ட்டாவளே, ரெண்டு வள்ளமும் போயிருக்கு என்றாள்.

இரண்டு வள்ளம். அண்ணனுடையது, கிளாட்வினுடையது. கிளாட்வின் அண்ணனுக்குத் தொழில் பழகிய நாளிலிருந்து கூட்டாளி, கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை, கல்யாணத்துக்கு நான் போகவில்லை, சர்வரில் ஏதோ வேலை என்று சொன்னேன், என்ன வேலை என்று இப்போது நினைவில்லை, நினைவுக்குக் கொண்டுவரவும் வேண்டாம். விசைப்பலகையில் கை வை. விதி எளிது. யாராவது ஒரு ஊர்ப்பெயரை முன்னால் போட்டு நம் முகவரியைத் தட்டினால், எந்தப் பெயராக இருந்தாலும், எல்லாம் இந்த ஒரு மெஷினுக்குத்தான் வந்து சேரும். மெஷின் அந்தப் பெயரை மட்டும் கிள்ளி எடுத்து, அதே பெயரில் உள்ளே ஒரு ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்த்து, அதிலிருக்கிற காற்றுக் குறிப்பை எடுத்துக் கொடுக்கும். உள்ளுக்குள்ளேயே திருப்பி விடுகிறது. வெளியே பார்க்கிறவனுக்கு முகவரி மாறாது, பக்கத்தின் தலையிலும் அவன் தட்டிய பெயரே வந்து நிற்கும். அப்படித்தான் வேண்டும் என்றார்கள் ஊர்க் கமிட்டிக்காரர்கள், எங்க ஊர் பக்கத்துல எங்க ஊர் பேருதான் நிக்கணும், சம்மேளனத்துப் பேரோ வேற எவன் பேரோ தலையில ஏறக் கூடாது என்று மேஜையைத் தட்டிச் சொன்னார்கள், நானும் சரி என்றேன், அதில் ஒரு அழகு இருக்கிறது என்றுகூட நினைத்தேன். முகவரி மாறும்படி விட்டிருந்தால், வெளியே தெரியும்படி திருப்பியிருந்தால், அண்ணன் பார்த்திருப்பான், இது என்ன அடைக்கலத்துறைன்னு வருது என்று அந்நேரமே போனைப் போட்டிருப்பான், தூக்கத்திலிருந்து எழுந்து நான் எரிந்து விழுந்திருப்பேன், அவ்வளவுதான் நடந்திருக்கும். பெயருக்கு ஃபோல்டர் இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லும்படியாவது விட்டிருக்கலாம். அதையும் விடவில்லை. சோதித்துப் பார்க்க முதலில் அடைக்கலத்துறையைப் போட்டேன், அகர வரிசையில் அது முதல், சோதனை முடிந்தது, அதை முதல் இடத்திலேயே விட்டுவிட்டேன். பெயர் பொருந்தாமல் வருகிறவர்களை சர்வர் முதலில் இருப்பதிடம் பேசாமல் கொண்டுபோய் விடும். ஒரு வார்த்தை சொல்லாது. அது அதன் சுபாவம், எனக்குத் தெரிந்த சுபாவம், இந்தத் தொழிலில் சேர்ந்த புதிதிலேயே தெரிந்துகொண்டது.

மனுவேல் சார் உள்ளே வந்து போனார். மறுபடி வந்திருக்கிறார், பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. அவர் சம்மேளனத்தின் செயலாளர், நல்லவர், நான் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது, ஆனால் உடனே போனை எடுத்தார், கடலோரப் போலீசுக்குப் பேசினார், மீன்வளத்துறைக்குப் பேசினார், இரண்டு வள்ளம், சிப்பித்துறைக்கு நேர் கிழக்கே, காற்றில் மாட்டியிருக்கலாம் என்றார், படகு அனுப்பப் பார்க்கிறோம் என்று அந்தப் பக்கம் சொன்னது எனக்கே கேட்டது. பக்கம் தப்பாக வந்ததை மட்டும் அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, தேடுகிறவனுக்கு அது எதற்கு என்றார். பிறகு கொஞ்ச நேரம் மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்துவிட்டு, முதலில் இதைச் சரிசெய் ஜெசிந்தா, மற்ற ஊரில் எவனாவது இதைப் பார்த்துக் கிளம்பிவிடப் போகிறான் என்றார். அது சரி. அது முதல் வேலை. எல்லா ஊரையும் இரண்டு எழுத்திலும் தட்டிப் பார்த்தேன், டி போட்டு, டி எச் போட்டு, எஸ் போட்டு, விரல் மரத்துப்போகும்வரை. இன்னொரு ஊர் மாட்டியது. அங்கே நேற்று ஒரு சாவு, யாரும் தொழிலுக்குப் போகவில்லை. செத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது, அவருக்காக மனசுக்குள் சிலுவை போட்டுக்கொண்டேன், செத்தாரே என்று நன்றி சொன்னேன். சிப்பித்துறையில் மட்டும் யாரும் சாகவில்லை நேற்று. நேற்று.

அண்ணன் முதலில் இதை நம்பாதவன். காற்றைக் கம்ப்யூட்டரிடமா கேட்க வேண்டும் என்று சிரித்தவன், நசரேன் மகன் நசரேன் என்று அப்பா பெயரையே வைத்துக்கொண்டு அப்பா மாதிரியே மூக்கை மேற்கே தூக்கி மோந்து பார்த்துவிட்டுத்தான் வள்ளத்தைத் தள்ளுவான். புயல் என்றால் எல்லாருக்கும் தெரிந்துவிடும், ஊரெல்லாம் கூண்டு ஏறிவிடும், இந்த மாதிரி ஒரு நாள் காற்றுக்கு யார் வந்து சொல்வார்கள், அதற்காகத்தான் இந்தப் பக்கம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவனோடு சண்டை போட்டேன். அப்புறம் போன வருஷம் ஒரு தடவை பக்கம் வேண்டாம் என்றது, வானம் வெளுத்துக் கிடந்தது, அவன் அரை மனதோடு போகாமல் இருந்தான், பக்கத்து ஊரில் போனவர்கள் எஞ்சினை இழந்து இரண்டு நாள் கழித்து வந்தார்கள். அன்றிலிருந்து அவனைப் பிடிக்க முடியவில்லை. தினம் சாயங்காலம் வலை பின்னுகிற இடத்தில் எல்லாரையும் உட்கார வைத்துச் சத்தமாக வாசிப்பானாம். வாசித்து முடித்ததும், என் தங்கச்சி போட்டது என்பானாம். மைனிதான் சொன்னாள், சிரித்துக்கொண்டே சொன்னாள். இன்றைக்கும் மைனி ஒன்று சொன்னாள், போனை வைக்கும் முன், குரல் கொஞ்சம் மாறியிருந்தது, வெள்ளென மேக்க பாத்துட்டே நின்னாவ, கறுத்திருக்கேன்னு சொன்னாவ, பொறவு மறுபடியும் ஒன் பேஜை எடுத்துப் பாத்துட்டுத்தான் போனாவ. மறுபடியும் எடுத்துப் பார்த்தான். மூக்கு ஒன்று சொன்னது, நான் ஒன்று சொன்னேன். இல்லை, நான் சொல்லவில்லை, நான் சொன்னது ஃபோல்டருக்குள் இருந்தது, சரியாக இருந்தது, போக வேண்டாம் என்று நேற்றுச் சாயங்காலம் நானே கையால் ஏற்றியது, அது கடைசிவரை உள்ளேயே இருந்தது, ஒருவருக்கும் காட்டப்படாமல். இப்படி யோசித்தால் யாரோ செய்த மாதிரி இருக்கிறது. காட்டப்படாமல். யார் காட்டவில்லை.

வரியை எழுதினேன். எஸ் போட்டு வந்தால் சி எச் ஃபோல்டருக்குள் போ. எழுதுவதற்கு ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரம்தான் ஆனது. நேற்றும் அவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும். சர்வரை மறுபடி படிக்கச் சொன்னேன், படிக்க மாட்டேன் என்றது, தப்பு என்று சிவப்பில் காட்டியது, எங்கே தப்பு, கண் வரிக்கு வரி வழுக்கியது, எழுத்துகள் எறும்பு மாதிரி நகர்ந்தன, வரி முடிவில் அரைப்புள்ளி இல்லை. ஒரு அரைப்புள்ளி விட்டால் கூப்பாடு போடுகிறது. ஒரு ஊரையே விட்டேன், பேசாமல் இருந்தது. அரைப்புள்ளியை வைத்தேன். கூடவே அந்த முதல் இடத்தையும் எடுத்தேன், இனி பெயர் பொருந்தாவிட்டால் இந்த ஊருக்குக் குறிப்பு இல்லை, சம்மேளனத்தைக் கூப்பிடுங்கள் என்று மட்டும் வரும். படித்தது. எஸ் போட்டுத் தட்டினேன். கச்சான் பலமாக இருக்கும். தொழிலுக்குப் போக வேண்டாம். மேலே அதே பெயர், அதே முகவரி, அதே நீலப் பட்டை. காலையிலிருந்து இப்படித்தான் இருந்தது என்று சொன்னால் யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. சாரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், என் தோளுக்கு மேலே அவர் மூச்சு வந்தது. இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் திரும்பவில்லை. அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார், இதைப் பார்த்துத்தான் கரை முழுக்க அடங்கி இருக்கிறான், ஒரு தடவை தப்பாக வந்தது என்று வெளியே போனால் நாளைக்கு வேண்டாம் என்று போட்டாலும் எவன் கேட்பான், ஒருத்தனும் கேட்க மாட்டான், போவான், அப்போது எத்தனை பேருக்கு நீ பதில் சொல்வாய். அவர் சொல்வது தப்பு என்று தோன்றினால் நன்றாக இருக்கும். தப்பில்லை. அண்ணன் திரும்பி வந்துவிட்டால் சொல்ல வேண்டியதே இல்லை, வந்துவிட்டால், வரட்டும், வந்த பிறகு பார்க்கலாம், வராவிட்டால், அதற்கு மேல் மனசு ஓட மாட்டேன் என்கிறது, அரைப்புள்ளி இல்லாத வரி மாதிரி அங்கேயே நின்று சிவப்பாக எரிகிறது.

தெரியாத நம்பர். எடுத்ததும் ஒரே இரைச்சல், போனுக்குள் காற்று புகுந்து தடதடத்தது, அதற்குள்ளிருந்து, ஜெசி, நான்தான், கரைக்கு வந்துட்டேன். அண்ணன் குரல். தொண்டை கட்டி யாரோ மாதிரி இருந்தது. நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். அழவில்லை. மற்றவர்கள் என்றேன். அவன் சொல்லச் சொல்லக் கேட்டேன், திரும்பும்போது கிளாட்வின் வள்ளத்தில் தண்ணீர் ஏறியது, எஞ்சின் நின்றது, வள்ளம் குறுக்கே விழுந்து கவிழ்ந்தது, இவர்கள் கயிறு வீசினார்கள், கூடப் போன இரண்டு பேரையும் இழுத்துப் போட்டார்கள். கிளாட்வின் அந்த இரண்டு பேரையும் முன்னால் தள்ளிவிட்டான். அப்புறம் அவன் தலை தெரியவில்லை. வெகு நேரம் அங்கேயே சுற்றினார்கள், எண்ணெய் தீரப் போனதால் வந்துவிட்டார்கள். அரசாங்கப் படகு இன்னும் வரவில்லை. இதையெல்லாம் அவன் ஒரே தட்டையாகச் சொன்னான், யாரிடமோ கணக்கு ஒப்புவிக்கிற மாதிரி.

"அவன் வரலன்னுதான் சொன்னான் ஜெசி. மேக்க கறுத்திருக்கு, இன்னைக்கு வேண்டாம்னான். நான்தான் ஒன் பேஜைக் காட்டி இழுத்துட்டுப் போனேன்."

சார் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கையைத் தூக்கி, மெதுவாக, வேண்டாம் என்கிறார். அண்ணன் இதை இனி எங்கேயும் இறக்கி வைக்கப் போவதில்லை, சாகிற வரைக்கும் நான்தான் இழுத்துக்கொண்டு போனேன் என்று சுமப்பான், தண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம் சுமப்பான், நான் பேசாமல் இருந்தால் அவன் சுமப்பான், அதுவும் எனக்குப் பதிலாக.

"அண்ணே, காலையில நீங்க பாத்தது நம்ம ஊருக்கு உள்ளது இல்ல. அடைக்கலத்துறைக்கு உள்ளது. நேத்து நான் சர்வரை மாத்தினேன், நம்ம ஊர் பேரை ஒரு எழுத்துல விட்டுட்டேன். நான் விட்டுட்டேன்."

காற்று மட்டும் தடதடத்தது. நம்ம ஊருக்கு என்ன போட்டிருந்துது என்று கேட்டான். போக வேண்டாம்னு என்றேன். திட்டுவான் என்று காத்திருந்தேன், திட்டினால் பிடித்துக்கொள்ள ஒன்று கிடைக்கும். பக்கத்தில் ஒரு பெண் குரல் யாரு, ஜெசி அக்காவா, குடுங்க என்றது, போன் கை மாறுகிற சத்தம். ரீத்தா. கிளாட்வினின் பெண்டாட்டி. நான் பார்த்ததே இல்லை, போட்டோவில் மட்டும் பார்த்திருக்கிறேன், மாலையின் கனத்தில் தலை குனிந்து நிற்பாள்.

"அக்கா, காத்து எப்ப அடங்கும்னு பாத்துச் சொல்லுங்க. தேடப் போறதுக்கு எண்ணெய் ஊத்திட்டு ஆள் நிக்காங்க. ஒங்க பேஜைப் பாக்காமப் போவ மாட்டோம்ங்காங்க."

அவள் குரலில் அழுகை இல்லை. அவசரம் இருந்தது. அவனைத் தண்ணீரிலிருந்து கொண்டுவருவதற்குச் செய்ய வேண்டிய காரியங்களில் இது ஒன்று என்கிற மாதிரி கேட்டாள். நான் வாசித்தேன், என் குரல் பிசிறாமல் வந்தது, நாளைக்கு மத்தியானம் வரைக்கும் கச்சான் பலமா இருக்கும், யாரும் கடலுக்குப் போக வேண்டாம். சரிக்கா என்றாள். வாயை அந்தப் பக்கம் திருப்பி ஆட்களிடம் அப்படியே சொன்னாள், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், நாளைக்கு மத்தியானம் வரைக்கும், யாரும் போக வேண்டாமாம். யாரோ முணுமுணுத்தார்கள், யாரோ உட்கார்ந்தார்கள், மணலில் எதையோ போடுகிற சத்தம் கேட்டது. அவர்கள் நம்பினார்கள். மறுபடி போனுக்கு வந்தாள். வைக்கிறேன்க்கா என்றாள். வைக்கட்டும். வைத்துவிட்டால் இதோடு போகும், அண்ணன் சொல்ல மாட்டான், சார் சொல்ல மாட்டார், பக்கம் சரியாக இருக்கிறது, நாளை மத்தியானம்வரை ஒருவரும் கடலுக்குள் இறங்க மாட்டார்கள். அவள் புருஷன் வர மாட்டேன் என்று சொன்னவன். அது அவளுக்குத் தெரியும், சொல்லும்போது அவள் பக்கத்தில் நின்றிருப்பாள்.

"ரீத்தா, வைக்காத. ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றேன்.

அண்ணனிடம் சொன்னதையே சொன்னேன். எஸ், சி எச் எல்லாம் விட்டுவிட்டு, வேறு ஊரின் காற்று உங்கள் ஊர்ப் பெயரில் வந்துவிட்டது, அது என்னால், உங்கள் ஊருக்குப் போக வேண்டாம் என்றுதான் இருந்தது என்று சொன்னேன். சார் எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டார். ரீத்தா மெதுவாகக் கேட்டாள், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரி.

"அப்ப இப்ப நீங்க வாசிச்சது எந்த ஊருக்குக்கா?"

சிப்பித்துறைக்குத்தான் என்றேன். சிப்பித்துறைக்குத்தான் ரீத்தா, இப்பச் சரிசெய்துட்டேன், கண்ணால பாத்துத்தான் வாசிச்சேன், யாரையும் போக விடாத என்றேன், சத்தமாகச் சொன்னேன், அவள் போனைக் காதிலிருந்து இறக்கிவிட்டாள் என்று தெரிந்தது, என் குரல் அந்த மணலில் யாருக்கும் கேட்காமல் விழுந்துகொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் ஏதோ சொன்னாள். ஆண்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள். பிறகு தூரத்தில், போவாதிய, போவாதிய என்று பிரகாசி மைனியின் குரல் கேட்டது, அவள் அப்படிக் கெஞ்சுகிற ஆள் ஒருத்தர்தான், அண்ணன். வள்ளத்தின் எஞ்சின் ஒரு இழுப்பில் பிடிக்கவில்லை, இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது.